இரண்டு டப்பா கியர் ஆயில்

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும், அப்பா விட்டுப்போன பழைய டிராக்டருக்குக் கியர் ஆயில் மாற்ற இறங்கினார்கள். வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தி, அடியில் தட்டை வைத்து, அக்கா படுத்துக்கொண்டு கியர் பெட்டியின் அடிமூடியைக் கழற்றினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்லக்கா," என்றான் தம்பி.

அக்கா ஒரு கம்பியை விட்டுக் குத்தினாள். முதலில் துருத்தண்ணீர் வந்தது. பிறகு கறுப்பாக ஏதோ எட்டிப்பார்த்து, யோசித்து, பொத்தென்று அவள் நெற்றியில் விழுந்தது. தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிச்சது போதும். இந்த மூடியப் பிடி," என்று அதை அவனிடம் நீட்டிவிட்டு, கண்ணை மூடியபடியே முகம் கழுவ ஓடினாள்.

பழைய எண்ணெய் வடிந்து முடிந்தது. தம்பி தட்டை அப்புறப்படுத்தினான். அக்கா திரும்பி வந்து, மேலே ஏறிப் புது ஆயிலை ஊற்றினாள். டப்பா காலியாகியும் கியர் பெட்டி நிறையவில்லை.

"எவ்வளவு குடிக்குது பாருடா! பாவம், எத்தன வருஷத் தாகமோ!"

தம்பி கீழே பார்த்தான். புது ஆயில் பளபளவென்று வாசல்வரை ஓடியிருந்தது. மூடி அவன் சட்டைப்பையில் இருந்தது.

அக்காவின் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவரிடமும் ஒரு பழைய டிராக்டர் உண்டு.

"என்னம்மா, இப்படி ஓடுது?"

அக்கா அசரவில்லை. "பழைய வண்டி இல்லையாண்ணே? மொத டப்பா உள்ள அலசுறதுக்கு. ரெண்டாவதுதான் ஓட்டுறதுக்கு."

தம்பி பவ்யமாகத் தலையாட்டினான்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் இரண்டு டப்பாவோடு வந்து இறங்கினார். "அலசுறப்போ நீயும் கூட நில்லும்மா," என்றார்.