துளை என்று ஒரு வார்த்தை

வெண்மதிக்குப் பேசிப் பேசித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜெனிவாவுக்கு விமானம். அணுவைவிடச் சின்னத் துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. அம்மா வாயிலிருந்து ஒரு "போய்ட்டு வா" வந்தால் போதும். அதுதான் வரமாட்டேன் என்கிறது.

எல்லாம் வெண்மதியின் வாய்க்கொழுப்பு. அங்கே என்ன வேலை என்று அம்மா மீனம்பாள் கேட்டபோது, அவளிடம் நல்ல தமிழில் பேசிக் காட்டுகிற ஆசையில், "மோதுற எடத்துல குட்டிக் கருந்துளை உண்டாகுதான்னு பாப்போம்மா" என்று சொல்லித் தொலைத்தாள். பிளாக் ஹோல் என்றிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒலகத்த முழுங்கிடும்னு எவனாவது வீடியோ அனுப்புனானா?"

"அதெல்லாம் நான் பாக்கல." மீனம்பாள் மல்லாட்டையை உடைத்து, வேர்க்கடலைப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"வானத்துலேர்ந்து இதவிட வேகமா துகள் வந்து நம்ம கோட்டை மலை மேல தெனம் மோதுது. மலை அங்கியேதான நிக்குது? இதுவரைக்கும் எங்க மிஷின்ல ஒரு துளைகூட ஆம்புடல. ஆம்புட்டாலும்..."

"ஆம்புடாததுக்கா அவ்ளோ தூரம் போற?"

வெண்மதிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. படித்த படிப்பெல்லாம் இந்த முறத்துக்கு முன்னால் செல்லாக்காசு.

"உனக்கு இன்னாதாம்மா பயம்? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!" என்று கத்தியே விட்டாள்.

மீனம்பாளின் கை நின்றது. "வேல முடிஞ்சதும் அந்தத் துளைய யாரு மூடுவாங்க?"

வெண்மதிக்கு முதலில் புரியவில்லை.

"நம்ம கொல்லையில தண்ணி வராத போர மூடாம உட்டோம். தம்பி உள்ள போயிட்டான். நாம போர்னுதான சொல்லுவோம்? டிவிக்காரன்தான் வெடிய வெடிய ஆழ்துளை, ஆழ்துளைன்னான். நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. துளைன்னாலே எனக்கு அந்த ராத்திரிதான்டி நெனப்பு வருது."

கடைக்குட்டி பார்த்திபன் சுவரில் போட்டோவாகச் சிரித்துக்கொண்டிருந்தான். வெண்மதிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை நாள் தொண்டை கிழியப் பேசியதில், இதை ஒரு தடவை கேட்டிருக்கலாம். அம்மாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அத யாரும் மூட வேணாம்மா. உண்டானாலும் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அதுவே மூடிக்கும்."

"தானாவா?"

"ஆமாம்மா."

மீனம்பாள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"போய்ட்டு வா," என்றாள். பிறகு, "நம்ம கொல்லையில இருந்தது அப்படி இருந்திருக்கக் கூடாதா?" என்றாள்.