எழுந்து நடந்தவர்

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் அழகுமலையை அறியாதவர் இலர். கல்குவாரியில் கால் நசுங்கிய அவர், மேலூரில் நடைபெற்ற சுகமளிக்கும் கூட்டத்தில் சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நடந்தார். அந்தக் காட்சி சுவரொட்டியாகி, 1983ஆம் ஆண்டு முழுவதும் திருச்சி நெடுஞ்சாலைச் சுவர்களில் காணப்பட்டது.

அத்தகைய கூட்டங்களின் உள்விவகாரங்களை ஆவணப்படமாக எடுத்துவந்த நல்லகாமன், ஒரு மாலையில் மதுரையிலிருந்து காமிராவுடன் வந்து, அழகுமலையை அவர் வீட்டு வாசலில் அமர்த்திக் கேட்டார்.

"அதுக்கு முந்தி நடக்கவே முடியாதாண்ணே?"

"ஏன் முடியாது? நொண்டிக்கிட்டே நடந்துதான் கூட்டத்துக்குப் போனேன். வாசல்ல நின்ன தம்பி நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்து, 'உக்காருங்கய்யா, கால் வலிக்கும்'னாரு. அம்புட்டு மரியாதையாச் சொல்றப்ப மாட்டேங்கலாமா? உக்காந்தேன். மேடைக்கே தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு."

"மேடையில?"

"பிரசங்கம் பண்ற பெரிய மனுசன் எதுக்க வந்து நிக்கிறாரு. 'எந்திரி'ங்கிறாரு. குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? எந்திரிச்சேன். சனம் கத்துன கத்துல எனக்கு ஒண்ணும் வெளங்கல."

நல்லகாமன் சிரித்துவிட்டார். "மரியாதைக்கு எந்திரிச்சதையா அற்புதம்னாங்க!"

அழகுமலை சிரிக்கவில்லை. அவர் பார்வை காமிராவைத் தாண்டிச் சென்றிருந்தது.

அங்கே, மேலூர்க் கூட்டத்துக்குப் பின் எதிர்வீட்டுக்குக் குடிவந்த சோணையம்மாள், மகள் ஜெயக்கொடியை இடுப்பில் சுமந்தவாறு பேச்சைக் கேட்டு நின்றிருந்தாள். இளம்பிள்ளைவாதத்தால் சிறுமியின் கால்கள் சூம்பியிருந்தன. அழகுமலை மேடையில் நடந்ததைக் கண்ணாரக் கண்ட மறுநாளே, மருத்துவமனையில் கொடுத்திருந்த இரும்புக்கம்பிச் செருப்பைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டவள் அவள். அதுமுதல் ஊர் ஊராகக் கூட்டங்களுக்கு மகளைத் தூக்கித் திரிந்தாள். முழங்கால்களோ மடங்கியபடியே இறுகிவந்தன. அன்றும் கூட்டத்துக்கு அழைத்துச் செல்லும் வேனுக்காகவே புறப்பட்டு வந்திருந்தாள்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"உன் மொகத்தைப் பாத்து எப்படித்தா சொல்றது?" என்றார் அழகுமலை. "அந்தச் செருப்பையே புள்ளைக்கு மாட்டிவிடு. ஆசுபத்திரிக்கு நானும் கூட வாரேன்."

சோணையம்மாள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க நடக்கிற ஆளு. உங்களுக்கு அற்புதம் எதுக்கு? அதான் நடக்கல. எம் மகளுக்கு வேணும்ணே. அவளுக்கு நடக்கும்."

சாலையில் வேன் வந்து நின்றது. அவள் விடுவிடுவென்று சென்று ஏறிக்கொண்டாள்.

"ஏத்தா, போகாத! அம்புட்டும் பொய்யித்தா!"

அழகுமலை எழுந்து, காலை இழுத்து இழுத்து ஓடினார். வேனின் இரைச்சலில் அவர் சொன்னது எவர் காதிலும் விழவில்லை. உள்ளிருந்த ஒருவர் மட்டும் சன்னல் வழியே திரும்பிப் பார்த்தார்.

"அடடே, போஸ்டர்ல இருக்கவரு! ஓடியே வாராரு பாருங்கப்பா!"

"அல்லேலூயா!" என்று வேன் முழுவதும் முழங்கிற்று.

சோணையம்மாள் மகளின் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, புழுதியில் ஓடிவரும் அவரைக் காட்டினாள்.