இளம் அரசன் வெளியேறிய வழி

அம்மா பையில் வைத்த துண்டைத் தங்கை எடுத்து வெளியே வைத்தாள். அம்மா அதை மறுபடி உள்ளே வைத்தாள். அதன்மேல் மகனின் சட்டையையும் வைத்து, இப்போது எடு பார்க்கலாம் என்பதுபோல் முறைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அண்ணன் உன்கிட்ட படிச்சுப் படிச்சு சொல்லிட்டான்மா."

"அவன் சொல்லுவான். சின்ன வயசுல ஊசி வேண்டாம்னுகூடத்தான் சொன்னான். கேட்டேனா? ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. போய் அவனை எழுப்பி உட்கார வை."

அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் எச்.எம். அவளிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர் கிடையாது. மகனுக்கு நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது, இனி வலிக்கு மருந்து தருவதைத் தவிர ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது, "உங்களுக்கு அனுபவம் பத்தாது" என்று எழுந்து வந்தவள்.

நேற்று அண்ணன் தங்கையிடம் இரண்டு காரியம் கேட்டிருந்தான். இந்தக் கட்டிலை விட்டு என்னை யாரும் தூக்கிப் போகக் கூடாது. நான் எழுதிவரும் கட்டுரையின் கடைசிப் பத்தியை நீ முடித்துவிட வேண்டும். இரண்டுக்கும் அவள் சரி என்று சொல்லியிருந்தாள். எச்.எம்.மாவது கிச்செம்மாவது, இன்றைக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கட்டுரை, ஊர்க்காரர்கள் சொல்லிவரும் பழங்கதையில் வரும் ஓர் இளம் அரசனைப் பற்றியது. மீசைகூட முளைக்காத வயதில் பட்டத்துக்கு வந்தவன். கோட்டையைச் சுற்றி எதிரிப் படை, உள்ளே பட்டினி. அரசனை ஒப்படைத்தால் ஊரை விட்டுவிடுகிறேன் என்கிறான் எதிரி. ஒரு விடியற்காலையில் அரசன் தன்னந்தனியாக எதிரியின் கூடாரத்து முன்னால் நிற்கிறான். கோட்டைக் கதவோ உள்பக்கம் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. தாய் தூங்கிக்கொண்டிருந்தாள், தெய்வம் அவனைத் தூக்கி மதிலுக்கு அப்பால் இறக்கியது என்று கதை முடிகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அண்ணன் மல்லுக்கட்டினான். சுரங்கம் உண்டா என்று தேடினான், மதிலின் உயரத்தைத் தேடினான். கூரியர் ஆபீஸ் வேலை முடிந்து வந்து தங்கை டைப் அடித்துக் கொடுத்தாள். அடுத்த வீட்டுச் சண்டையைப் பேசுவதுபோல் இருவரும் அந்த அரண்மனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் சேர்ந்ததே இல்லை.

"அம்மா, இங்க வந்து உட்காரு. வண்டி வர்ற வரைக்கும் அண்ணன் சொல்றதைக் கேளு."

"கதை கேக்க இதுவா நேரம்?"

"உட்காருன்னேன்!"

தங்கைக்கே தூக்கிவாரிப் போட்டது. அசல் எச்.எம். குரல். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "கதையை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்கம்மா. ஒண்ணு மட்டும் மாறல. கோட்டைச் சாவி ராணி இடுப்புல."

"இருக்கட்டும். பையன் திருடியிருப்பான்."

"உன் தலகாணிக்கு அடியில இருந்து பீரோ சாவியை நாங்க என்னிக்காவது எடுத்திருக்கோமா?"

"எடுத்திருந்தா தோலை உரிச்சிருப்பேன்."

"அதான். அவ தூங்கல. அவளே கொடுத்துட்டா. பெத்தவளே கொடுத்தாங்கிறதை ஊர்க்காரங்களால தாங்க முடியல. அவளைத் தூங்க வெச்சுட்டு, சாமியைக் கூப்பிட்டுட்டாங்க."

"எந்தத் தாய்டா கொடுப்பா?"

அவன் அம்மாவையே பார்த்தான். "பையன் கேட்டான்மா."

வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா எழுந்தாள். தங்கை ஓடிப்போய் அறை வாசலில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"நகருடி."

"மாட்டேன். என்னைத் தள்ளிட்டுத்தான் அவனைத் தூக்கணும்."

"வந்தவங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? நகரு."

குரலில் அதட்டல் இல்லை. தங்கை கையை எடுத்தாள். வெளியே அம்மா பேசுவது கேட்டது. "அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டேன் தம்பி. தப்பு என்னோடதுதான். நீங்க போயிட்டு வாங்க." அம்மா தன் தப்பு என்று சொல்லித் தங்கை கேட்டதே இல்லை. திரும்பி வந்த அம்மா பையிலிருந்த சட்டையை எடுத்து, பழையபடி அலமாரியில் வைத்தாள்.

வெயில் ஏறியபின் அண்ணனின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. அம்மாவின் கை அவன் நெற்றியில் இருந்தது. பிறகு மூச்சு வரவில்லை. தங்கை கட்டிலில் முகம் புதைத்துக் கதறினாள். ஐயோ, இனி யாருடன் பேசுவது? அம்மா அழவில்லை. அவன் கண்களை மூடிவிட்டாள், சட்டை மாற்றினாள், தலை வாரினாள், சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கடைசிப் பத்தி என்னாச்சு?"

"இப்போ எதுக்கும்மா?"

"நேத்து சரின்னு சொன்னல்ல அவன்கிட்ட? என் காதுல விழுந்துச்சு. எடு. எழுதினவரைக்கும் படி."

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள். சாவியைக் கொடுத்தவள் அரசியே என்பதோடு அது நின்றிருந்தது.

அம்மா நாற்காலியை லேப்டாப் பக்கம் நகர்த்தினாள். "விடிஞ்சப்போ கதவு பூட்டியிருந்துச்சா?"

"ஆமா."

"உள்பக்கமா?"

"உள்பக்கமாத்தான்."

"அப்போ அவன் போனப்புறம் யாரு பூட்டினா?"

தங்கை திரையிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அண்ணன் கேட்காத கேள்வி அது, அவளும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம், காலேஜ், வேலை என்று இந்த வீட்டிலிருந்து எத்தனை காலைகளில் ஓடியிருக்கிறார்கள்! ஒரு நாளாவது திரும்பி நின்று கதவைச் சாத்தியது உண்டா, இருவரும்?

"சாவியைக் கொடுத்துட்டு அறையில உட்கார்ந்திருக்க முடியாதுடி," என்றாள் அம்மா. "கூடவே கீழ இறங்கி வந்திருப்பா. அவன் தலை மறையிற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, அவளே பூட்டியிருப்பா. உள்ள இருக்கறவங்க பத்திரமா இருக்கணுமில்ல? அதையும் எழுது."

தங்கை எழுத ஆரம்பித்தாள். எழுத்து மங்கியது, கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் எழப் போனாள்.

"நீ எழுது," என்ற அம்மா, மகன் சட்டையின் காலரை நேராக்கியபடி உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "கதவு திறந்துதான் கிடக்கு, வாங்க."