ரத்தினத்தின் சாட்சி

வலது காலில் வெள்ளைக் காலுறை ஏறிவிட்டது. இடது கால்தான் முரண்டு பிடித்தது. விறைத்துப்போன பாதத்துக்குக் காலுறை மாட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலே பிடித்து இழுத்தால் வராது. முழுவதையும் நுனிவரை சுருட்டி, விரல்களை முதலில் உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போக வேண்டும். தாயாரம்மாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். கண்ணாடித் தொழிற்சாலையின் உலைக்கு முன்னால் நின்று நின்று காய்த்துப்போன, அவள் புருஷன் ரத்தினத்தின் பாதம் அது.

"அண்ணி" என்று பக்கத்தில் வந்து குந்தினார் ஜெபகுமார். ரத்தினத்தின் தம்பி. குன்றத்தூரில் ஊழியம் செய்கிறவர். அவர் வாய் திறந்து ஜெபித்தால் கூட்டமே அழும் என்று பேர். "அண்ணன் கடைசியா இன்னா சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு."

"அப்புறம்?"

"குடிச்சாரு."

"அதில்ல அண்ணி. ஆண்டவரைப் பார்த்தேன்னு எதனா... ஒரு வெளிச்சம் கிளிச்சம்?"

"லைட்டை அணைக்கச் சொன்னாரு. கண்ணு கூசுதாம்."

ஜெபகுமார் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி ஆளுங்கல்லாம் வருவாங்க அண்ணி. சபையில பாதிப் பேரு இன்னும் அவரை 'வந்துட்டேன் ரத்தினம்'னுதான் சொல்லிகினு கீறாங்க. அந்தப் பேரோட எங்கண்ணனை மண்ணுல வைக்கவா? நான் ஒரு சாட்சி சொன்னா எல்லாம் சரியாப்பூடும்."

"இல்லாததைச் சொல்லாதீங்க தம்பி."

"அதனால யாருக்கு இன்னா நஷ்டம்?" என்று எழுந்து, சவப்பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் மேல் உயிர் அவருக்கு. அதுதான் தாயாரம்மாளுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பட்டப்பேர் வந்த கதை இது. புத்தாண்டு ஆராதனையில் குடும்பத்துக்கு ஒருவர் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் சபை வழக்கம். போன வருஷம் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கும், இன்னொருவருக்குக் காய்ச்சல் தீர்ந்திருக்கும். ரத்தினமும் ஒரு காலத்தில் கண்ணீரோடு சொன்னவர்தான். பிறகு ஒரு நாள், ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற உணர்வே அவருக்கு நின்றுபோயிற்று. வீட்டில் சாவில்லை, சண்டையில்லை, மறைத்து வைத்த பாவமும் இல்லை. "ரேடியோவுல ஸ்டேஷன் போன மாதிரி கீது தாயாரு. கரகரன்னு சத்தம்கூட இல்ல" என்று அவளிடம் மட்டும் சொன்னார். உபவாசம் இருந்து பார்த்தார். போதகரிடம் போய் ஜெபித்துக்கொண்டார். ஒன்றும் திரும்பி வரவில்லை.

அடுத்த புத்தாண்டில் எழுந்து நின்றார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆண்டவர் கிட்ட கீறாரா, தூர கீறாரான்னு எனக்குத் தெரியல. நான் வந்துட்டேன்." உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வருஷமும் அதேதான். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வருஷப் பிறப்பிலும் அதேதான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர்கள் அவரைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். அவரோ சனிக்கிழமை தவறாமல் கோயிலைப் பெருக்கினார், அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கட்டைக் குரலில் பாடினார், விளக்கு வைத்ததும் வீட்டில் பாய் விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தார்.

தாயாரம்மாளுக்கே முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. "மத்தவங்க மாதிரி எதனா ஒண்ணு சொல்லிட்டு உக்காந்தா இன்னா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள்.

"அவருகிட்டயே போயி புளுகச் சொல்றியா?" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை.

பந்தலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தொழிற்சாலை ஆட்களும் வந்தார்கள். வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால், வாசலில் கொடியோடு இருந்த சிலர் தவிர எல்லாருமே வந்துவிட்டார்கள். கோபால் மட்டும் காக்கிச் சட்டையில் வந்தான். அவன் உள்ளே போகவேண்டியவன்.

வேலைநிறுத்தத்தில் ஒருவன் எப்படி உள்ளே போவான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கண்ணாடி உலையைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அது செங்கல்லில் கட்டிய பெரிய தொட்டி. மணலும் சோடாச் சாம்பலும் உடைந்த கண்ணாடியும் அதற்குள் உருகிக் குழம்பாக நிற்கும். ஒரு தடவை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைக்கக் கூடாது. அணைத்தால் குழம்பு உள்ளேயே இறுகிவிடும். சூட்டில் விரிந்திருந்த செங்கல்கள் சுருங்கி, சுவர் பிளந்துவிடும். பிறகு எவ்வளவு எண்ணெய் ஊற்றி எரித்தாலும் பயனில்லை. இடித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதனால் பாட்டில் வார்க்கும் வேலை நின்று, ஒரு பாட்டில்கூட ஓடாத நாளிலும் யாராவது உலைமுன் உட்கார்ந்து, நெருப்பை மட்டும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். யூனியனே அதற்கு ஆள் அனுப்பும். பண்டிகையென்றாலும் ஸ்டிரைக்கென்றாலும் ரத்தினம்தான் போவார். நெஞ்சுவலி வந்து படுத்த பிறகுதான் அந்த இடத்துக்குக் கோபால் வந்தான்.

பாட்டு முடிந்தது. போதகர் தலையசைக்க, ஜெபகுமார் எழுந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

"என் அண்ணனைக் கேலி செய்தவங்க உண்டு. ஆனா கடைசி நேரத்துல அவர் முகத்துல ஒரு பிரகாசம் உண்டாச்சு! 'தம்பி, நான் அவரைக் காண்கிறேன்' என்று..."

கூட்டத்தில் "ஸ்தோத்திரம்" என்று முனகல் எழுந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாயாரம்மாள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிணத்தருகே இருக்கும் பெண்சாதி எழுந்து பேசுவது அங்கே வழக்கமில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரும்மே."

"விடுக்கா" என்றாள் தாயாரம்மாள். "தம்பி, நிறுத்துங்க. கூட இருந்தது நானு."

ஜெபகுமாரின் கை தூக்கியபடியே நின்றது.

"அவரு எதையும் பார்க்கல. நேத்து சாயங்காலம், 'ஒண்ணும் தெரியல தாயாரு, இப்பவும்தான்'னாரு. அப்புறம், 'ஜெபத்துக்கு நேரமாச்சி, பாயைப் போடு'ன்னாரு. எந்திரிக்க முடியல. படுத்துகினே கையைக் கூப்பி, 'வந்துட்டேன்'னாரு. விடிகாலையில போயிட்டாரு. அவ்ளோதான்." பெட்டியின் பக்கம் திரும்பினாள். "தெறக்கிற கதவை எல்லாரும்தான் தட்டுவாங்க. தெறக்காத கதவுகிட்ட இத்தினி வருஷமா போயி நின்னாரு என் வூட்டுக்காரரு. ஒரு நாளும் போவாம இருந்ததில்ல. அதுக்கு மேல ஒரு ஜரிகை வேணாம்."

பந்தல் ஓரத்திலிருந்து கோபால்தான் வாயைத் திறந்தான். "கரெக்டுக்கா. பாட்டில் ஓடுற அன்னிக்கு எவன் வேணா ஃபர்னஸ்கிட்ட நிப்பான்." சொன்ன பிறகு, பேசியிருக்கக் கூடாதோ என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

கமிட்டிப் பெரியவர் எழுந்து நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவரோ செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பெட்டியின் ஒரு மூலைக்குத் தோள் கொடுத்தார்.

ஒரகடம் சாலையில் ஊர்வலம் தொழிற்சாலை வாசலைக் கடந்தபோது, கொடியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். லாரி எதுவும் இல்லை. இயந்திரச் சத்தமும் இல்லை. புகைபோக்கிக்கு மேலே மட்டும் காற்று நெளிந்துகொண்டிருந்தது. கோபால் அங்கேயே பிரிந்தான். வாசலில் இருந்தவர்கள் அவனுக்காகச் சங்கிலியை இறக்கினார்கள். தாயாரம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டே நடந்தாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றினார். தாயாரம்மாள் குளித்துவிட்டு வந்து விளக்கை ஏற்றி, எப்போதும் விரிக்கிற இடத்திலேயே பாயை விரித்தாள்.

ஜெபகுமார் வாசற்படியில் நின்றார். பந்தலில் அவள் எழுந்ததிலிருந்து அவளோடு பேசவில்லை.

"அண்ணி... நான் ஜெபம் பண்ணட்டுமா?"

"உக்காருங்க தம்பி."

அவர் பாயின் ஓரத்தில், பாதி உடம்பு தரையில் இருக்க, மண்டியிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கள் பரலோகப் பிதாவே" என்றார்.

அடுத்த சொல் வரவில்லை. தாயாரம்மாள் காத்திருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. கோவிந்தம்மா வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. ஜெபகுமார் மறுபடியும் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

கண்ணைத் திறக்காமலே, தாயாரம்மாள் பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.