முப்பத்தொன்றாம் படம்

மதாம் கோர்சேல் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியபோது தையல்காரி பெனுவாத் நாற்காலியை இழுத்துப் போட்டாளே தவிர, உட்காரச் சொல்லவில்லை. அக்கா ஸெலியைப் புதைத்து பதினோரு வாரம்தான் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு மதாம் வரவில்லை. வெள்ளை லில்லிப் பூங்கொத்து ஒன்று வந்தது, "அருமை உதவியாளருக்கு" என்று எழுதிய அட்டையோடு.

அந்த உதவியாளர் ஒன்பது வருடம் லியோன் நகரைச் சுற்றியிருக்கும் மாளிகைகளுக்கும் மடங்களுக்கும் நடையாய் நடந்தவள். பெட்டிகளில் மக்கிக் கிடந்த பழைய உடுப்புகளைப் பிரித்து, அளந்து, வரைந்தாள். நாலு நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பெண்களின் உடை, அறுபத்திரண்டு படங்கள். மதாம் செய்ததெல்லாம் அறிமுகக் கடிதம் கொடுத்தது. புத்தகம் வெளிவந்தபோது மேலட்டையில் மதாமின் பெயர் இருந்தது. முன்னுரையில் "கீழ்ப்படிந்து உழைத்த கைகளுக்கு நன்றி" என்று ஒரு வரி. ஸெலி அதைப் படித்துவிட்டு, சூப் ஆறிப்போகிறது என்றாள். அந்தக் குளிர்காலத்தில் பிடித்த இருமல் பிறகு அவளை விடவில்லை.

"உன் அக்கா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா" என்று மதாம் ஆரம்பித்தாள். மே மாதம் பட்டு உற்பத்தியாளர் மண்டபத்தில், புத்தகத்தில் உள்ள உடுப்புகளைத் தைத்து, பெரிய வீட்டுப் பெண்கள் உடுத்தி நடக்கப் போகிறார்களாம். மற்ற உடுப்புகளைப் பெரிய கடைகள் தைக்கின்றன. மதாம் உடுத்தப்போவது முப்பத்தொன்றாம் படத்தில் இருக்கும் அரசவை அங்கி.

"என்னோடத நீ தை. உன் அக்காவுக்கு நான் செய்யிற மரியாதைன்னு வெச்சுக்கோ."

கெட்டி அட்டையில் ஒட்டியிருந்த மூலப் படத்தை மேசையில் வைத்தாள். பெனுவாத்துக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இரண்டு வருடம் முன்பு ட்ரெவூ ஊர் மடத்திலிருந்து திரும்பிய ஸெலி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சிரித்தாள். "ஏய் பெனு, இன்னிக்கு ஒரு பொம்மைக்கு அளவெடுத்தேன்டி. பாரிசுல என்ன உடுத்துறாங்கன்னு ஊர்ப் பொம்பளைங்களுக்குக் காட்ட அந்தக் காலத்துல அனுப்பின பொம்மை. சட்டைய உடம்போட சேத்துத் தச்சுட்டாங்க, பாவம். நூத்தம்பது வருஷமா கழட்டவே இல்ல. அதான் மடத்துல எடம் கெடச்சிருக்கு."

பொம்மைக்குத் தனியாக யாரும் துணி நெய்வதில்லை. மனிதர்கள் உடுத்தும் பட்டில் ஒரு துண்டைத்தான் வெட்டித் தைப்பார்கள். அதனால் படத்தில் அந்தச் சின்னப் பாவாடையின் முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு கார்னேஷன் பூ.

"பூ கொஞ்சம் பெருசா இல்லீங்களா, மதாம்?"

"ஒரு விரல் மாறக்கூடாது. அந்த உடுப்ப நானே என் கையால அளந்தேன், பெனுவாத். தோம்ப் பக்கம் ஒரு மாளிகையில. ராஜா காலத்துப் பொம்பளைங்க உங்கள மாதிரி பயந்து பயந்து உடுத்தல."

பெனுவாத் ஒரு தடவை கேட்டாள். நல்ல தையல்காரி இரண்டாம் தடவையும் கேட்டிருப்பாள்.

மதாம் இறங்கிப் போனதும் கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியில் அட்டையைக் காட்டினாள். அக்கா குறிப்புகளைத் தாளின் பின்பக்கம்தான் எழுதுவாள். தாள் சுருளாமல் இருக்கட்டும் என்று சொல்லி அறுபத்திரண்டையும் அட்டையில் ஒட்டச் சொன்னது மதாம்தான். ஒட்டியதில் அக்காவின் எழுத்து மறைந்தது. அதோடு மதாம் படித்திருக்க வேண்டியதும் மறைந்தது.

பசை இளகி, தாள் மெல்ல உரிந்து வந்தது. அழுத்தி எழுதிய பென்சில்: "பொம்மை. உயரம் இரண்டு சாண். ட்ரெவூ மடம். பெரிதாக்கித் தைத்தால் பூவைப் பெரிதாக்கக் கூடாது. முதுகில் திறப்பு இல்லை, உடம்போடு தைத்தது." கீழே "ஸெ. கா." என்ற கையொப்பம்.

அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, விசிறிகளுக்குச் சித்திரம் தீட்டும் ஆளுக்குச் சொல்லியனுப்பினாள். அந்தப் பூவை எந்தத் தறியிலும் நெய்ய முடியாது. வெறும் பட்டில் தீட்டத்தான் வேண்டும்.

கூடத் தைக்கும் குளோதின் துணியை விரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "இது கார்னேஷனாக்கா? முட்டைக்கோசுல்ல."

"தை" என்றாள் பெனுவாத்.

அளவு பார்க்க வந்த அன்று மதாம் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி முதுகைத் தடவிப் பார்த்தாள். பெனுவாத்தின் வாய் நிறைய குண்டூசி. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல முடியாது.

"திறப்பே இல்லியே?" என்றாள் மதாம் கடைசியில்.

பெனுவாத் ஊசிகளை எடுத்தாள். "படத்துல இல்லீங்க. அளந்த உங்களுக்குத்தான் தெரியும்."

"ஆமாமா. தினம் காலையில உடம்போட வெச்சுத் தைப்பாங்க. ராணிக்கே அப்படித்தான்."

அப்படியே தைத்தாள். விழாவன்று மதியம், மண்டபத்தில் தட்டிக்குப் பின்னால், மெழுகிட்ட இரட்டை நூலால், கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழே வரை. முடிச்சுகளை உள்பக்கம் போட்டாள்.

வெளியே நூற்றாண்டுகள் நடந்துகொண்டிருந்தன. விறைத்த கழுத்து மடிப்பு, இடுப்பில் கூடை கட்டிய பாவாடை, நெஞ்சுக்குக் கீழே கயிறு கட்டிய மெல்லிய மஸ்லின். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கடைசியில் மதாம் வந்தாள். கைதட்டல் தொடங்கி, பாதியில் நின்றது.

முன்வரிசையில் இருந்தவர்கள் தறியோடு பிறந்தவர்கள். அவர்களில் மூத்தவர் முசியே ஷவான். ஆறு தலைமுறையாகப் பட்டு நெய்யும் வீடு. அவர் எழுந்து, பூவையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சுக்கலாம்னு கேக்குறேன் மதாம். அந்தக் காலத்துத் தறி அகலம் ரெண்டரை சாண். இந்தப் பூ மூணரை சாண் இருக்கு. நடுவுல ஒட்டுத் தையலும் இல்ல. எந்தத் தறியில நெய்தாங்க?"

"அசல் உடுப்ப நானே அளந்தேன், முசியே."

"தறியில நெய்திருக்க மாட்டாங்க தாத்தா, வயல்ல வெளஞ்சிருக்கும்" என்றது பின்வரிசை நெசவாளர் பக்கமிருந்து ஒரு குரல். அங்கே எழுந்த சிரிப்பு முன்னால் பரவியது. மதாமின் கழுத்து சிவந்தது. தையல்காரி படத்தைப் பார்க்காமல் கெடுத்துவிட்டாள், மலை மேல் நெசவாளர் தெருவில் இருக்கும் ஆட்களை நம்பினால் இப்படித்தான் என்றாள்.

பெனுவாத் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். கையில் இருந்த தாளை முசியே ஷவானிடம் கொடுத்தாள். முன்பக்கம் படம். அவர் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "பொம்மை" என்ற முதல் சொல்லிலேயே பின்வரிசை எழுந்து எட்டிப் பார்த்தது. கையொப்பம் வரை படித்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்டார்.

"எங்க அக்கா. அறுபத்திரண்டுக்குப் பின்னாடியும் இருக்கு முசியே. ஒட்டி வெச்சிருக்காங்க."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மதாம் ஓடவில்லை. அந்த உடுப்பில் ஓட முடியாது. பக்கவாட்டில் அடியெடுத்து, தட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தாள். பெனுவாத்தும் போனாள்.

"வெட்டி எடு இத."

"பேரச் சொல்லுங்க மதாம். ஒம்பது வருஷம் உங்க வீட்டுல வேல பாத்தவ பேரு."

"மத்மசல் காரிகூ."

"அது எங்க அப்பா பேரு."

மதாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நெற்றிப் பவுடர் வேர்வையில் கோடுகோடாக இறங்கியது. "ஸெ... ஸெனாயித்" என்றாள்.

பெனுவாத் நூல்கண்டைச் சுற்றிப் பைக்குள் போட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் நூறு பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் கைப்பையில் சின்னக் கத்தரி இருக்கும். மதாம் வெளியே வந்து கேட்கலாம். சிரிக்கிறவர்களில் யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும்.

வாசலில் முசியே ஷவான் காத்திருந்தார். பட்டு உற்பத்தியாளர் சங்க நூலகத்துக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கியிருக்கிறார்களாம். அதில் முதல் பக்கத்தில் தன் கையால் எழுதிவிடுவதாகச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து குறிப்பேடும் பேனாவும் எடுத்தார். முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.

"ஸெனோபி" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பெனுவாத், ஸெனோபிதானே?"

கிழவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"ஸெலி" என்றாள் பெனுவாத், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஸெலி காரிகூ. ரெண்டாவது எழுத்து, அந்த e மேல ஒரு சின்னக் கோடு வரும் முசியே. எல்லாரும் அத விட்டுடுவாங்க."