கடைசியாக இறங்குகிற பிள்ளை

மூன்றாவது சீட்டுக்கு அடியில் ஒரு சாக்ஸ், பின்சீட்டில் பாதி கடித்த ரப்பர், ஜன்னலோரம் ஒட்டிக் காய்ந்த சூயிங்கம். காலை டிரிப் முடிந்து பள்ளி வேனைக் கூட்டும்போது தினமும் கிடைக்கிறவைதான். சூயிங்கத்தைச் சுரண்டுவதற்கென்றே டிரைவர் ஒரு பழைய கரண்டி வைத்திருந்தான். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். எப்போதும் வாசலில் நின்றே கத்துகிற மனிதர், இன்று சத்தமில்லாமல் வேன் படி வரைக்கும் வந்தது அவனுக்கு நல்லதாகப் படவில்லை.

"சாவியக் குடு தம்பி."

"டயர் மாத்தவா சார்?"

"டயர இல்ல. ஆள மாத்தறேன்."

முதலாளி தன் போனை நீட்டினார். பெற்றோர் குரூப்பில் அவன் முகம். சின்ன வயதில் பெரியவர்களால் சீரழிக்கப்பட்ட ஐந்து இளைஞர்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு பெண் எடுத்த ஆவணப்படம் அது. போன வாரம்தான் வெளியே வந்திருந்தது. கதவைத் தாழிட்டால் தூங்க முடியாத ஒருவன், மனைவி பின்னாலிருந்து தோளைத் தொட்டால் துள்ளி எழுகிற ஒருவன் என்று நான்கு பேர் இருட்டில் உட்கார்ந்து பேசினார்கள். இவன் மட்டும்தான் வெளிச்சத்தில் உட்கார்ந்தவன். "தப்பு பண்ணவன் மூஞ்சிய மூடிக்கட்டும், நான் எதுக்கு மூடணும்?" என்று படம் எடுத்த பெண்ணிடம் கேட்டிருந்தான்.

முதலாளியின் போனில் அவன் குரல் ஓடியது. "வேன்ல கடைசியா இறங்குற பையன் நான்தான். எனக்கு முன்னாடி இறங்குறவன் வீட்டுலேர்ந்து எங்க வீடு கால் மணி நேரம். மூணு வருஷம் அந்தக் கால் மணி நேரம். வேன்ல போகலன்னு அம்மாகிட்ட அழுதேன். டிரைவர் எவ்வளவு தங்கமான மனுஷன், உனக்குக் கொழுப்புன்னு திட்டி ஏத்திவிட்டாங்க. அவரு ரிட்டயர் ஆனப்ப பள்ளிக்கூடத்துல சுவர்க்கடிகாரம் குடுத்து அனுப்பினாங்க."

அடுத்து அந்த ஆளின் பெயரைச் சொன்ன இடத்தில் ஒரு 'பீப்' சத்தம். கேஸ் போட்டுவிடுவார் என்று படக்காரர்கள் பயந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இவன் முகத்தை எடுக்கவில்லை.

"உன்ன நிறுத்தச் சொல்லி எட்டு வீட்டுல எழுதியிருக்காங்க" என்றார் முதலாளி. "அனுபவிச்சவன் நாளைக்கு அதையே செய்வானாம். எங்கயோ படிச்சாங்களாம்."

"நாலு வருஷமா ஓட்டறேன் சார். ஒரு பிள்ளை என்னப்பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கா?"

"நீ தங்கமான பையன்னு எனக்குத் தெரியாதா? ஊர் வாய நான் எப்படி மூடறது? எனக்கு வண்டி ஓடணும்ப்பா."

அவன் கரண்டியைச் சீட்டின் மேல் எறிந்தான். அது தெறித்துப் போய்ப் படியில் விழுந்தது. சாவியை எடுத்து நீட்டியவன், முதலாளி வாங்கப்போனதும் கையை இழுத்துக்கொண்டான்.

"வேலைய எடுத்துக்குங்க. ரூட்ட மட்டும் மாத்தாதீங்க."

சாயங்கால டிரிப்பில் பொக்கையின் வீடுதான் தள்ளியிருப்பது. ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகவேண்டும். முன்பல் இரண்டும் விழுந்த ஏழு வயதுப் பையன். மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் அது. முறைப்படி அவன்தான் கடைசியாக இறங்கவேண்டியவன். வேலைக்கு வந்த முதல் வாரமே, பொக்கை எல்.கே.ஜி.யில் சேர்ந்த புதிதில், டிரைவர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினான். பொக்கையை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேட்டில் காத்துக்கிடந்து திரும்பி வந்து மற்றவர்களை இறக்குவான். கடைசியில் இறங்குவது இரட்டைப் பெண்கள், இரண்டு பேரும் ஒன்றாக. ஒரு பிள்ளை தனியாக ஒரு நிமிடம்கூட வேனில் இருக்கக்கூடாது. ஓட்டுகிறவன் தானேயானாலும் கூடாது. கூடுதல் டீசலுக்கு முதலாளி குதித்தபோது, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். நான்கு வருடமாக அப்படித்தான் பிடித்தார்.

"என் மச்சான்தான் ஓட்டப்போறாரு. அவரு எதுக்கு வேலை மெனக்கெட்டு ஊரச் சுத்தணும்?"

"பொக்கை தனியா உக்காந்திருப்பான் சார்."

"பாத்தியா, இப்பவும் பிள்ளைங்க பேச்சுதான் வருது உனக்கு. அதுதான் அவங்களுக்குப் பயமே" என்று முதலாளி சாவியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகப் பொக்கையின் வீட்டுக்கு நடந்தான். பையனின் அம்மா வெளிக்கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று பேசினாள்.

"வேலை கேட்டு வரல மேடம். பையனக் கடைசியா இறக்க விடாதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"படம் பாத்தேன். ரெண்டு நாளா சோறு இறங்கல. உங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா நானும் பிள்ளை பெத்தவ."

"படத்துல நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்களா? கடைசியா இறங்குற பையன்னு சொன்னேனே?"

"கேட்டேன். கேட்டதாலதான் சொல்றேன். இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்தா போலீஸக் கூப்பிடுவேன்."

காது எதற்குத்தான் இருக்கிறது இவர்களுக்கெல்லாம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தினால் அதுவும் குரூப்பில் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் சாயங்காலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்றான். வேன் வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. டீ ஆறி ஆடை படிந்தது. கேட் மூடியபிறகு வேன் வந்து ஒரு லாரிக்குப் பின்னால் நின்றது. மச்சான்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில், டிரைவர் தன் நாளில் எந்தப் பிள்ளையையும் உட்காரவிடாத முன்சீட்டில், பொக்கை. வேறு யாருமில்லை.

"வேன் அண்ணா!" பொக்கை அவனைப் பார்த்துவிட்டான். கையிலிருந்த சாக்லேட்டை உயர்த்திக் காட்டி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான்.

டம்ளரை வைத்தானா போட்டானா என்று தெரியாது, ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினான். "அண்ணே, பையனப் பின்னாடி உக்கார வைங்க. நாளைலேர்ந்து முதல்ல இறக்குங்க, டீசலுக்கு நான் தரேன்!"

மச்சான்காரர் கண்ணாடியை ஏற்றினார்.

"டேய், இது அந்தப் படத்துல வந்தவன்டா!" டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான். "பிள்ளை இருக்கற வண்டியத் துரத்தறான் பாரு!"

மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான், ஒருவன் கையை முறுக்கினான். "யாருன்னு தெரியாமப் பேசாதீங்க, விடுங்கடா!" என்று அவன் திமிறத் திமிறப் பிடி இறுகியது. பிடரியில் ஓர் அடி விழுந்தது. சட்டை தோள் வரைக்கும் கிழிந்தது.

ரயில் போய் முடிந்தது. கேட் உயர்ந்ததும் லாரி நகர, பின்னாலேயே வேன் தண்டவாளத்தில் குலுங்கி ஏறியது. பொக்கை சீட்டில் முட்டிபோட்டுத் திரும்பி, பின்கண்ணாடி வழியாக அவனைத் தேடினான். ஒரு பெரிய கை வந்து பையனின் தோளைப் பிடித்து முன்பக்கம் திருப்பியது. பின்னால் பதினான்கு சீட்டும் காலியாக இருந்தன.