சிவப்பு மூடி ஊசி

பெருங்களத்தூரில் கால்நடை கிளினிக் நடத்தும் டாக்டர் ஜோவிதாவுக்கு எலியேசர் போன் செய்தபோது அவர் குரலே சரியில்லை. சர்க்கரை நோய் உள்ள அவருடைய நாய் பிரவுனி, காலையில் இன்சுலின் போட்ட பிறகு தள்ளாடத் தொடங்கி, இப்போது படுத்தே விட்டதாம். மனைவி ரத்தினபாயோடு ஆட்டோவில் கிளம்பியவர், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் சிக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை யூனிட் போட்டீங்க சார்?"

"நீங்க சொன்ன எட்டுதான் டாக்டர். கண்ணாடி மாட்டிக்கிட்டுதான் இழுத்தேன்."

எட்டு யூனிட்டுக்கு இப்படி ஆகாது. துருவிக் கேட்டதில், பழைய ஊசிகள் தீர்ந்துபோய் வேறு மருந்துக்கடையில் புதிதாக வாங்கியது தெரிந்தது. மூடி என்ன நிறம் என்று கேட்டாள்.

"சிவப்பு. முன்னாடி ஆரஞ்சு. ரெண்டும் இன்சுலின் ஊசிதானே?"

ஜோவிதாவுக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு மூடி ஊசி வீரியம் குறைந்த இன்சுலினுக்கானது. பிரவுனியின் வீரியம் கூடிய மருந்தை அதில் எட்டுக் கோடு இழுத்தால் உடம்பில் இறங்குவது இருபது யூனிட். அதை அவரிடம் விளக்க இது நேரமில்லை. ரத்தினபாயை இறங்கச் சொல்லி, பக்கத்து டீக்கடையில் சர்க்கரை வாங்கிக் கொஞ்சம் தண்ணீரில் குழைக்கச் சொன்னாள். அதற்குள் பிரவுனிக்குக் கால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கிவிட்டன.

"வாயில ஊத்தாதீங்க சார், புரையேறிடும். விரல்ல தொட்டு உதட்டுக்கு உள்பக்கம் ஈறுல தேய்ங்க. பல்லுக்கு நடுவுல மட்டும் விரல் போகக் கூடாது."

ஹாரன் சத்தமும், "ஏசப்பா, ஏசப்பா" என்று ரத்தினபாய் முணுமுணுப்பதும்தான் கேட்டன. ஜோவிதா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினாள். கை தானாக வேலை செய்தது. காது ரோட்டிலேயே இருந்தது.

"நக்குது டாக்டர்," என்றார் எலியேசர் கடைசியில்.

"நிறுத்தாதீங்க. தேய்ச்சுக்கிட்டே வாங்க."

ஆட்டோ வந்து நின்றபோது பிரவுனியால் தலையை மட்டும்தான் தூக்க முடிந்தது. சாயங்காலம்தான் எழுந்து நின்று, கிண்ணத்தில் வைத்த சோற்றை முகர்ந்தது. நடந்ததை ஜோவிதா அப்போதுதான் விளக்கினாள். மூடியின் நிறத்தைத் தானும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். எலியேசர், நாளைக்குக் காலையில் ஊசி போடலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"நீங்களா போட வேணாம் சார். இங்க கூட்டிட்டு வாங்க. சர்க்கரை அளவு பாத்துட்டு, சரியான ஊசியில எப்படி இழுக்கணும்னு சேர்ந்தே பாக்கலாம்."

ரத்தினபாய் மிச்சமிருந்த சிவப்பு மூடி ஊசிகளைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.